லோதார் நட்ட பலகைகள்

லோதார் புடிஷினைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்டு, வட்டாரச் செய்தித்தாளிலிருந்து ஒரு பெண் போன வாரம் என் வீட்டுக்கு வந்தாள். மனைவியைப் புதைமணலிலிருந்து மீட்ட வீரனின் வாழ்க்கைக் குறிப்பு எழுதப் போகிறாளாம். காப்பி கொடுத்தேன், பிளம்ஸ் கேக் கொடுத்தேன், வார்த்தை மட்டும் கொடுக்கவில்லை. லோதார் என் தங்கை ரோஸ்விதாவின் கணவன். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கெட்டதாகச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் அதற்கு அவள் பத்திரிகையில் இடம் போதாது. அதனால் இங்கே சொல்கிறேன்.

அவன் எப்பேர்ப்பட்டவன் என்பது கல்யாணத்தன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. கேக்கை வெட்டி எல்லோருக்கும் தாராளமாகக் கொடுத்தான். தட்டு காலியானதும் இரண்டு கைகளையும் விரித்து, தீர்ந்துவிட்டது என்றான். பாத்திரம் கழுவப் போன நான் கரண்டி வைக்கும் இழுப்பறையைத் திறந்தால், உள்ளே கைத்துண்டில் சுற்றிய ஒரு துண்டு கேக். திருட்டு என்று சொல்ல முடியாது, அது அவன் கல்யாணக் கேக். ஆனால் எதையும் முழுதாகக் கொடுக்க அந்தக் கைக்கு வராது. பீர் வாங்கி வைத்தால் கடைசிப் புட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கும். மன்னிப்புக் கேட்டால்கூட ஒரு பாதியை வைத்துக்கொண்டுதான் மீதியைக் கேட்பான்.

எங்கள் ஊர் செல்னிட்ஸ். லவுசிட்ஸ் சுரங்க வட்டாரத்தில் இருக்கும் மற்ற ஊர்களைப் போலவே எங்களுக்கும் பழுப்பு நிலக்கரிதான் சோறு போட்டது. பதிலுக்குக் கீழ்த்தெருவையும் தேவாலயத்தையும் சாப்பிட்டது. சுரங்கம் ஓடிய காலத்தில் லோதார் மண்கொட்டும் இயந்திரத்தில் இருந்தான். ஒரு பக்கம் கரிக்காகத் தோண்டிய மண்ணை மறு பக்கம் கொட்டிக்கொண்டே நகரும் ராட்சத இயந்திரம் அது. அது கொட்டிய மணல்மேடுகள்தான், கொட்டுமேடு என்போம், ஊருக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடக்கின்றன. சுரங்கத்தை மூடியதும் ஆண்களில் பாதிப் பேர் ஜன்னலருகில் உட்கார்ந்து தெருவை எண்ணிக்கொண்டிருந்தார்கள். லோதாருக்கு மட்டும், நிலத்தைச் சீர்படுத்த வந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். எது கிடைக்கிறதோ அங்கே அவன் முன்னாடியே போய் நின்றிருப்பான்.

நிலத்தைச் சீர்படுத்துவது என்றால் மரம் நட்டுவிட்டுப் போவது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மரம் தானாக வரும். வெறும் மணலில் முதலில் முளைப்பது பிர்ச், அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொல்லை அடியில் இருக்கிறது. சுரங்கம் ஓடியவரை நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தார்கள். இறைப்பதை நிறுத்தியதும் தண்ணீர் தன் பழைய மட்டத்தைத் தேடி ஏறி வருகிறது. கொட்டிய மணலோ இறுகாத மணல். காய்ந்திருக்கும்வரை அதன்மேல் டிராக்டர் ஓட்டலாம். அடியில் தண்ணீர் ஏறிய பிறகு மேலே புல்லும் மரமுமாகச் சாதுவாக இருக்கும், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கஞ்சியாகி ஓடும். அதிரவைத்தும் வெடி வைத்தும் மணலை இறுக்கிக்கொண்டு வருகிறார்கள், ஆனால் அது ஒரு தலைமுறை வேலை. அதுவரை இறுகாத இடத்தைச் சுற்றிப் பலகை நடுவார்கள்: உயிருக்கு ஆபத்து, உள்ளே வராதே. பொறியாளர்கள் கோடு போட்டுக் கொடுப்பார்கள். அந்தக் கோட்டின்மேல் பலகையை நட்டு, சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் லோதாரின் உத்தியோகம்.

ஒரு மஞ்சள் சட்டையும் ஒரு ஜீப்பும் கொடுத்தார்கள். அவ்வளவுதான், ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டுமேட்டுப் பாதையில் யார் போனாலும் ஜீப்பைக் குறுக்கே நிறுத்துவான். ஒரு நாள் என் சைக்கிளை நிறுத்தி, முழுப் பெயர் என்ன என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டில் உருளைக்கிழங்கும் ஆளிவிதை எண்ணெய் ஊற்றிய தயிர்க்கட்டியும் தின்றவன் கேட்கிற கேள்வி. “மார்லீஸ். உன் பொண்டாட்டியோட அக்கா. எழுதிக்கோ” என்றேன். எழுதிக்கொண்டான்.

இனிக் காளானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிர்ச் மரம் வந்த இடத்தில் செந்தொப்பி வரும். கெட்டியான தண்டும் செங்கல் நிறத் தொப்பியும் கொண்ட காளான். வெண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கினால் ஒரு வீட்டையே அமைதியாக்கிவிடும். எங்கள் பக்கத்தில் அது சிறந்து வளர்வது கொட்டுமேட்டில்தான். அது வளரும் இடத்தை இங்கே யாரும் யாரிடமும் சொல்வதில்லை. சாகக் கிடப்பவரிடம் வங்கிக் கணக்கைக் கேட்கலாம், சொல்லுவார். காளான் இடத்தைக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். காட்டுக்குப் போகும்போது முதலில் தப்பான திசையில் கொஞ்ச தூரம் போக வேண்டும், பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் சரியான திசை. அறுத்து முடித்ததும் தண்டு தெரியாமல், குஞ்சுக் காளான் தெரியாமல் காலால் இலையைத் தள்ளி மூடிவிட்டு வர வேண்டும். இது எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இந்த விஷயத்தில் நாங்கள் எல்லோருமே அற்பர்கள்தான். லோதார் எங்களுக்குள் பேரற்பன்.

நிச்சயதார்த்தத்தின்போது, கல்யாணம் ஆனதும் தன் இடத்தைக் காட்டுகிறேன் என்று ரோஸ்விதாவிடம் சொன்னான். அவள் அந்த ஒரு வார்த்தையைத்தான் மோதிரத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டாள், பாவம். கல்யாணம் ஆயிற்று. அடுத்த இலையுதிர்காலம் என்றான். வீடு கட்டி முடிக்கட்டும் என்றான். வேலை நிரந்தரமாகட்டும் என்றான். ஒவ்வொரு வருஷமும் கூடை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவான், அவள் மண் துடைத்து, நறுக்கி, வதக்கிப் போடுவாள். எங்கிருந்து என்று கேட்டால் காட்டிலிருந்து என்பான். அவள் தலை நரைத்துவிட்டது, அவன் பதில் மாறவில்லை.

இப்போது இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கையில் செந்தொப்பி ஆசை, இன்னொரு கையில் 'உயிருக்கு ஆபத்து' என்று எழுதிய பலகைகளின் கட்டு. கோட்டுக்கு வெளியே, இறுகிக் கெட்டியான மண்ணில் நல்ல காளான் இடம் ஒன்றைப் பார்த்தால் அவன் வேறு என்ன செய்வான்? பலகையைத் தூக்கி அங்கே நட்டான். நிறுவனத்தில் யாரும் கேட்கவில்லை. ஆபத்துப் பலகை அதிகமாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவர்கள் எண்ணம். ஒரு பலகையைப் பிடுங்க வேண்டுமானால்தான் மண் சோதனை, ஆய்வு, கையெழுத்து என்று அவர்களுக்குத் தலைவலி.

அகப்பட்டுக்கொண்டது ஒரு செப்டம்பரில். எங்கள் ஊர்த் தீயணைப்புக் குழுவின் தலைவன் ஹோல்கர் டிராக்டர் பழுது பார்த்துவிட்டு வரும்போது, லோதார் தன் பலகைக்குப் பின்னாலிருந்து மஞ்சள் சட்டையில் எதையோ மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தான். மூட்டையிலிருந்து ஒன்று கீழே விழுந்தது. லோதார் அதையும் விடாமல் குனிந்து எடுத்தானாம். அன்று சாயங்காலமே ஊர் முழுக்கச் செய்தி பரவியது: லோதார் எங்கே பலகை நடுகிறானோ அங்கே கூடையோடு போகலாம்.

போனார்கள். வெட்கமில்லாமல் போனார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் போனார், பாதிரியாரின் மனைவி போனாள். பலகையில் எழுதியிருப்பதை அப்புறம் யார் படித்தார்கள்? அது காளான் கடையின் பெயர்ப்பலகையாகிவிட்டது. பொறியாளர்கள் எத்தனையோ வருஷம் துளை போட்டு, அளந்து, எது சாகடிக்கும் மண் என்று கண்டுபிடித்துப் போட்ட கோட்டை, ஒரு மனிதன் தன் நாக்குக்காக அழித்துவிட்டான். எனக்கு அவன் மேல் இருப்பது கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். கோபப்படுவதற்கு ஒரு தரம் வேண்டும். எனக்கு இருப்பது அருவருப்பு.

ஒரு வசந்த காலத்தில், பக்கத்துக் கொட்டுமேடு ஒன்று தூக்கம் கலைந்தது. மணல் ஏற்றிய லாரி ஒன்று பாதையோடு உள்ளே போய்விட்டது. ஓட்டுநர் கதவைத் திறந்து குதித்ததால் பிழைத்தான். எல்லாப் பலகைகளையும் சரிபார்த்து உறுதி சொல் என்று நிறுவனம் லோதாரிடம் கேட்டது. ஊர்க்காரர்கள் பலகையைத் தாண்டிப் போகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும், ஏன் போகிறார்கள் என்பதும் தெரியும். யாராவது செத்தால் தன் தலை உருளும் என்பதும் தெரியும்.

அப்போது அவன் ஊரைக் கூட்டி, இது இது பொய், இது இது நிஜம் என்று ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் போதும். நாங்கள் திட்டியிருப்போம், அவன் வேலை போயிருக்கும், மண் தன் பாட்டுக்குக் கிடந்திருக்கும். அவன் என்ன செய்தான் தெரியுமா? யாருக்கும் சொல்லாமல் ஜூன் மாதத்தில் பொய்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மனசாட்சி சுத்தமாகிவிட்டது என்று நினைத்திருப்பான். அதிலும் ஒன்றை விட்டுவைத்தான். மிகச் சிறந்த இடம் அது. பழைய மண்கொட்டி இயந்திரத்தின் தண்டவாளம் ஓடிய மேடு. எத்தனையோ வருஷம் இரும்பு ஏறி இறங்கி, மண் கல்லாக இறுகியிருந்தது. இரண்டு பக்கமும் இறுகாத மணல், நடுவில் இந்தக் கெட்டி மேடு. அந்த இயந்திரத்தில் வேலை பார்த்த அவனைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. அங்கே நின்ற பலகையைப் பிடுங்க அவன் கைக்கு மனம் வரவில்லை.

பலகைகள் மறைந்ததை ஊர் பார்த்தது. இதற்கு எங்கள் ஊர் என்ன அர்த்தம் கொண்டிருக்கும் என்று ஒரு சுரங்கப் பொறியாளருக்குத் தெரியாது. காளான் பொறுக்குகிற யாருக்கும் தெரியும். அந்த இடங்களில் காளான் தீர்ந்துவிட்டது, அதனால்தான் பிடுங்கிவிட்டான், இனி எங்கே பலகை மிச்சம் நிற்கிறதோ அங்கேதான் சரக்கு இருக்கிறது. ரொட்டிக் கடையில் இதை ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். ரகசியம் என்றால் எல்லோருக்கும் தெரியும், ஆனால் குரல் தாழ்ந்திருக்கும். லோதார் அந்தக் கடையில் நின்று ரொட்டி வாங்கிக்கொண்டு, காதில் விழாதவன் மாதிரி போனான்.

என் தங்கையும் கேட்டாள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலையில் கூடையோடு என் வாசலில் வந்து நின்றாள். இத்தனை வருஷம் அவன் காட்டாத இடத்தைத் தானே கண்டுபிடித்து, கூடை நிறையக் கொண்டுபோய் அவன் முன்னால் கொட்டப் போகிறாளாம். அவளுக்குத் தேவை காளான் இல்லை, அவன் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். எனக்கும் அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. சைக்கிளில் கிளம்பினோம்.

தண்டவாள மேட்டுக்குத் தெற்கே ஒரு பலகை நின்றது. நிஜப் பலகை, எங்களுக்குத் தெரியாது. பின்னால் பிர்ச் மரங்கள் மஞ்சள் இலையோடு அவ்வளவு அழகாக இருந்தன. எனக்கு முழங்கால் வலி, பலகைக்கருகில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரோஸ்விதா உள்ளே போனாள். கொஞ்ச தூரம் போய், கிடைத்துவிட்டது என்று ஒரு செந்தொப்பியைத் தூக்கிக் காட்டினாள். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்த மரங்கள் நடந்தன. வேறு எப்படிச் சொல்வது? காற்றே இல்லை. நின்றபடியே மரங்கள் ஒரு பக்கமாக நகர்ந்து, குனிந்து, படுத்தன. தரை அலை அடித்தது. என் தங்கை இடுப்புவரை உள்ளே போய், விழுந்து கிடந்த ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டாள். என் காலடிக்கு வந்ததும் அந்த அலை நின்றுவிட்டது, பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு விரிசல்கூட இல்லை. பொறியாளர்களின் கோடு அவ்வளவு சரியாக இருந்தது.

ஹோல்கருக்குப் போன் செய்தேன். குழு வந்தது, பாதி ஊர் வந்தது, லோதாரும் ஜீப்பில் வந்தான். விளிம்பைத் தாண்டி யாரும் காலெடுத்து வைக்க முடியாது, வைத்தால் மீதி மணலும் ஓடும். நகரத்திலிருந்து ஹெலிகாப்டர் வருகிறது என்றார்கள். ரோஸ்விதா இடுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே புதைந்துகொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லோதார் முகத்தில் ஈயாடவில்லை. அவளைப் பார்த்தான், வடக்கே மேட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். அப்புறம் ஹோல்கரின் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினான். ஹோல்கர் கூடவே கிளம்பினான். லோதார் அவன் மார்பில் கையை வைத்துத் தள்ளினான்.

“யாரும் என் பின்னால வரக்கூடாது. ஆபத்து. நான் மட்டும் போறேன்.”

சுற்றி ஓடி, மேட்டில் நின்ற பலகையைத் தாண்டி, பிர்ச் மரங்களுக்குள் மறைந்தான். நான் அழுதேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் அவனை மதித்தேன். இத்தனை வருஷம் தப்பாக எடை போட்டுவிட்டேனே என்றுகூட நினைத்தேன். பிறகு மரங்களுக்கிடையிலிருந்து கயிறு பறந்து வந்தது, ரோஸ்விதா அதை அக்குளில் சுற்றிக்கொண்டாள், அவன் இழுத்தான். இரண்டு பூட்ஸையும் கூடையையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்தாள்.

அவனை வீரன் என்றார்கள். அந்த மண்ணில் எப்படி நடந்தீர்கள் என்று செய்தித்தாள் கேட்டது. “யோசிக்கவே இல்ல. உயிர் போனா போகட்டும்னு ஓடினேன்” என்றான். எனக்கு அந்த மேட்டைப் பற்றி அப்போது தெரியாது, அதனால் நம்பினேன். ரோஸ்விதா மருத்துவமனையில் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். அவனைப் பற்றிப் பேசினால் தண்ணீர் கேட்டாள்.

நவம்பரில் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் பாராட்டு விழா. வறுத்த சாசேஜ், பீர், சுவரில் காகிதச் சங்கிலி. நிறுவனத்திலிருந்து வந்த கோட்டுக்காரர், சொந்த உயிரைப் பொருட்படுத்தாத தொழிலாளி என்று நீளமாகப் பேசி, சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரத்தைக் கொடுத்தார். லோதார் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். பிறகு ரோஸ்விதாவையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவள் எழுந்து நின்றாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, அவனை மட்டும் பார்த்தாள்.

“கயிறு போடறதுக்கு முன்னால காலால எதையோ மூடினியே லோதார். அது என்ன?”

“என்ன மூடினேன்?”

“மேட்டு ஓரத்துக்கு வந்தே. நான் கையை நீட்டினேன். நீ திரும்பிப் பின்னால பார்த்தே, யாராவது வர்றாங்களான்னு. அப்புறம் கீழ குனிஞ்சு பார்த்தே. அப்புறம் காலால இலையைத் தள்ளித் தள்ளி மூடினே. அதுக்கப்புறம்தான் கயிறு வந்துச்சு. நான் நெஞ்சு வரைக்கும் உள்ள இருந்தேன். அது என்ன?”

கோட்டுக்காரர் சிரித்தபடி, கால் ஊன்றக் கெட்டியான இடம் தேடியிருப்பார் அம்மா என்றார். நல்ல மனிதர், வெளியூர். ஊர்க்காரர்கள் யாரும் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொருவர் பாதமும் மேசைக்கு அடியில் அந்த அசைவை அறிந்திருந்தது.

“செந்தொப்பி” என்றான் லோதார். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் தெரிந்தது.

முதலில் சிரித்தது ஹோல்கர். பிறகு ஆசிரியர், பிறகு பாதிரியாரின் மனைவி, பிறகு கூடம் முழுவதும். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கோபம் துளிகூட இல்லை, அது மன்னிப்பாக இருந்தது. நம்மில் யார்தான் மூடாமல் வருவோம் என்கிற சிரிப்பு. என் உதடுகூட அசைந்தது என்று ரோஸ்விதா பிறகு சொன்னாள். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சிரிப்பு அடங்கியதும் ஹோல்கருக்குப் புத்தி வந்தது: அவன் காளான் அறுக்கும் இடமென்றால் அந்த மேடு கெட்டி மண், அங்கே நின்ற பலகை பொய்.

“லோதாரண்ணே, விளையாட்டில்ல. என் பிள்ளைங்க அந்தப் பக்கம் போறாங்க. வேற எங்கயாவது சும்மா நட்டு வச்சிருக்கீங்களா?”

“இல்லப்பா. அது ஒண்ணுதான். பாக்கியெல்லாம் நிஜம்.”

“நம்பலாமா?”

“அந்த மேட்டையே கொடுத்துட்டேன், இனி என்கிட்ட என்ன இருக்கு?”

நம்பினார்கள். பாராட்டுப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள நிறுவனத்துக்குக் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது. முன்கூட்டியே ஓய்வு கொடுத்து, மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் தண்டவாள மேட்டில் பாதி ஊர் கூடையோடு வரிசையில் நின்றது. என் தங்கை புதைந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அறுத்தார்கள்.

ரோஸ்விதா விழா முடிந்த அன்றே என் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டாள். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலுக்கு வருவான். கதவைத் திறக்கமாட்டாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படியே போயிற்று. இந்த செப்டம்பரில் ஒரு கூடை செந்தொப்பியோடு வந்தான், பழக்கதோஷத்தில் மேலே துணி போட்டு மூடியிருந்தான். மாடி ஜன்னல் திறந்தது.

“எங்கேருந்து?” என்றாள் ரோஸ்விதா.

அவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான்.

“பழைய பம்ப் வீட்டுக்குப் பின்னால ராபினியாத் தோப்பு இருக்கில்ல? அதோட கிழக்கு ஓரம், ஓடைப் பக்கம். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல ரோஸி.”

அவள் கீழே வந்து கூடையை வாங்கிக்கொண்டாள். எங்கள் ஊரில் அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வாழ்நாளெல்லாம் அவள் கேட்டது அதைத்தான். அன்று மாலை மாடியில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. துணிகளை எடுத்து மடிக்கிறாள். அவனிடமே திரும்பிப் போகப் போகிறாள் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

மறுநாள் காலை அவள் எழுவதற்கு முன் பம்ப் வீட்டுக்குப் பின்னால் போனேன். அங்கே பலகை கிடையாது, எப்போதுமே கிடையாது, ஆடு மேய்ந்த கெட்டி நிலம். கிழக்கு ஓரத்தை ஓடைவரை தேடினேன். ராபினியா, ராபினியா, மறுபடியும் ராபினியா, எல்லாம் முள். ஒரு பிர்ச் கன்றுகூட இல்லை. பிர்ச் இல்லாத இடத்தில் அந்தச் செந்தொப்பி எந்தக் காலத்திலும் முளைக்காது. அவன் கொண்டுவந்தது வேறு எங்கிருந்தோ; ஊர் இப்போது கால் வைக்காத பிர்ச் காடு பலகைகளுக்குப் பின்னால் மட்டும்தான் மிச்சம். அப்படியென்றால் இன்னொரு பொய்ப் பலகை இன்னும் எங்கோ நிற்கிறது, கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் அதை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறான்.

கையெல்லாம் முள் கீறலோடு வீட்டுக்கு ஓடினேன். ரோஸ்விதா பெட்டியின் மேல் உட்கார்ந்து பூட்டிக்கொண்டிருந்தாள்.

“போகாதே. அங்க ஒரு பிர்ச் மரம்கூட இல்ல. முழுக்க முள்ளு. மறுபடியும் பொய் சொல்லியிருக்கான்.”

“தெரியும். அவன் வாயைத் திறந்தப்பவே தெரியும். ராபினியாவுக்கு அடியில செந்தொப்பியாம்.”

“தெரிஞ்சுமா அவன்கிட்டப் போறே?”

“அவன்கிட்டப் போறேன்னு யார் சொன்னா? கோட்புஸ் டவுன்ல வீடு பார்த்திருக்கேன். நாலாவது மாடி. சுத்திலும் தார் ரோடு.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவளை அணைத்துக்கொள்ளப் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ எதுக்குக்கா அங்க போனே?”

“அவன் சொன்னது நிஜமான்னு பார்க்கத்தான். உனக்காக.”

“கூடை எதுக்கு?”

குனிந்து பார்த்தேன். கூடை என் கையில்தான் இருந்தது. உள்ளே காளான் கத்தியும், மேலே மூடுவதற்கு ஒரு துணியும்.

மத்தியானப் பேருந்தில் அவள் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்குக் கடிதம் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். லோதார் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூடை கொண்டுவருகிறான், அவளிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுக்கிறான், நான் வாங்கி வெண்ணெயில் வதக்கித் தின்கிறேன். எந்தப் பலகை பொய் என்று அவனிடம் கேட்டேன், ஹோல்கரையும் கேட்கச் சொன்னேன். எல்லாம் நிஜம் என்கிறான். யாராவது கண்டுபிடித்தாக வேண்டும், பிள்ளைகள் போகிற இடம். அதனால் நானே தேடுகிறேன். ஒவ்வொரு பலகையாகப் போய் நின்று, பின்னால் பிர்ச் மரம் தெரிகிறதா, இலை மிதிபட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன். இதுவரை எதையும் தாண்டவில்லை.